கும்பகோணம் வேலை

முதல் வருடம், ஹாஸ்டலில் முதல் ராத்திரி. சீனியர் அண்ணன்கள் அறை அறையாக வந்து பேர், ஊர், டிபார்ட்மெண்ட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மதுரை என்றவனுக்கு ஒரு விசில். திருநெல்வேலி என்றவனிடம் "அல்வா எங்கடா?" என் முறை வந்தது. "கும்பகோணம்ணா" என்றேன். ஒரு நொடி அமைதி. அப்புறம் ஒரு அண்ணன் சத்தமாகச் சொன்னார்: "டேய், எல்லாரும் பர்ஸைப் பத்திரமா வெச்சுக்கங்கடா, கும்பகோணத்தான் வந்துட்டான்!" அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேற என்ன செய்றது?

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்காது. போன செமஸ்டரில் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வு. "சொந்த ஊர் எது?" என்று கேட்டார்கள். வாய் தானாகச் சொன்னது: "தஞ்சாவூர் பக்கம் சார்." அவர்கள் எதையும் கிண்டல் செய்யவில்லை. கேட்டவருக்குக் கும்பகோணம் எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்திருக்குமா, சந்தேகம்தான். ஆனாலும் ஊர்ப் பெயரைச் சொல்ல நாக்கு கூசியது. பஸ்ஸில் திரும்பும்போது பெரியப்பா ஞாபகம் வந்தது. அவருக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பார்? பெரியப்பா நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிறவர்.

"கும்பகோணம் வேலை காட்டிட்டான்", "என்கிட்டயே கும்பகோணம் பண்றியா?" நீங்களும் எப்போதாவது சொல்லியிருப்பீங்க, இல்லாட்டி கேட்டிருப்பீங்க. ஏமாற்று வேலைக்கு எங்கள் ஊர்ப் பெயரையே வினைச்சொல்லாக்கி வைத்திருக்கிறது தமிழ்நாடு. இது எங்கிருந்து வந்தது என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பித்தளையைப் பொன் என்று விற்றவன் கதை ஒன்று. கள்ளக் காசு அடித்தவன் கதை ஒன்று. நிலத்தகராறும் கோர்ட்டும் வக்கீல் குமாஸ்தாவுமாக இருந்த ஊர், பத்திரத்தில் தில்லுமுல்லு செய்தவன் கதை இன்னொன்று. கதைகளை விடுங்க. அவற்றில் யாரைக் குற்றம் சொல்கிறார்கள் என்று பாருங்க. உலோகம் தெரிந்தவன், இல்லாவிட்டால் எழுத்துத் தெரிந்தவன். கும்பகோணம் இந்த இரண்டாலும் வளர்ந்த ஊர்.

முதலில் உலோகம்.

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் ஊர். சுற்றிலும் நெல் வயல். டெல்டாவுக்கு வராதவர்கள் இங்கே விவசாயம் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நெல் விளைகிற நாட்டுக்கு ஒரு பட்டறை வேண்டாமா? அறுவடை முடிந்து கையில் காசு வந்தால் கல்யாணம் வைப்பார்கள். கல்யாணம் என்றால் சீர். சீர் என்றால் அண்டா, குடம், தவலை, குத்துவிளக்கு. பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் திருபுவனம். தாம்பூலத்துக்குக் கொடிக்கால் வெற்றிலை. கோவில் கும்பாபிஷேகம் என்றால் கலசம், மணி, உற்சவர் சிலை. இதையெல்லாம் செய்து கொடுத்த ஊர் கும்பகோணமும் அதைச் சுற்றியிருக்கிற சுவாமிமலை, நாச்சியார்கோவில், திருபுவனம் போன்ற ஊர்களும்தான். மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருஷம் எங்கள் பெரிய கடைத்தெருவில் பாத்திரக் கடைகள் காற்று வாங்கும். குறுவை பொய்த்தால் பெரியப்பாவுக்கு ஆர்டர் பொய்க்கும். வயலும் பட்டறையும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கின்றன.

காவிரி இந்தத் தொழிலுக்குக் கொடுத்தது வாடிக்கையாளரை மட்டுமல்ல, மண்ணையும்தான். மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்க. சுவாமிமலையில் சிலை வார்ப்பது மெழுகு முறையில். தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து மெழுகில் சிலையைச் செய்கிறார்கள். அளவுக்கு ஸ்கேல் கிடையாது. தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பாகங்களாகப் பிரித்துக்கொள்வார்கள். முகம் ஒரு பாகம் என்றால் உடம்பு இத்தனை பாகம் என்று கணக்கு. சிலை ஒரு அடியோ பத்து அடியோ, விகிதம் மாறாது.

மெழுகுச் சிலை முடிந்ததும் அதன்மேல் மண் பூச்சு. முதல் பூச்சு காவிரி வண்டல், மைதா மாதிரி நைஸாக இருக்கும். ஸ்தபதி மெழுகில் கீறிய நகக்கண் வரை அந்த மண் பிடித்துக்கொள்ளும். அடுத்த பூச்சு வயல் களிமண்ணில் மணல் கலந்தது. அதற்கும் மேலே இன்னும் கரடான பூச்சு. பெரிய சிலை என்றால் இரும்புக் கம்பி கட்டுவார்கள். காய்ந்த பிறகு சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும்; உள்ளே சிலையின் வடிவத்தில் வெற்றிடம். அதில் உருக்கிய உலோகம். ஆறினதும் அச்சை உடைக்க வேண்டும். உடைத்த அச்சு உடைத்ததுதான், ஒரு அச்சுக்கு ஒரு சிலை.

உள்ளே நைஸ், வெளியே கரடு ஏன்? உள்பூச்சு நுணுக்கத்தைப் பிடிக்க, வெளிப்பூச்சு வலுவுக்கும், காற்றும் ஆவியும் வெளியேறவும். விமான இன்ஜினின் டர்பைன் பிளேடை வார்ப்பதும் அடிப்படையில் இதே மெழுகு முறைதான். அங்கே வண்டலுக்குப் பதில் செராமிக் குழம்பு. அதிலும் முதல் பூச்சு நைஸ், அடுத்தடுத்துக் கரடு. நாம் ஐந்தாவது செமஸ்டரில் மனப்பாடம் செய்து எழுதுகிற பதிலை சுவாமிமலைக்காரர் காலால் மிதித்துப் பிசைந்துகொண்டிருக்கிறார்.

இன்னொன்று. எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? மெழுகுச் சிலையை எடை போடுவார்கள். அதைப்போல் எட்டிலிருந்து பத்து மடங்கு உலோகம். மெழுகின் அடர்த்தி ஏறத்தாழ 1, செம்புக் கலவையின் அடர்த்தி 8.5-க்கு மேல், ஊற்றுவாயில் தங்குவதற்குக் கொஞ்சம் உபரி. கணக்கு சரியாக வருகிறதா? 2023 செப்டம்பரில் டெல்லியில் ஜி20 மாநாடு நடந்த பாரத் மண்டபத்தின் முன்னால் சுமார் 27 அடி உயர நடராஜர் நின்றதை டிவியில் பார்த்திருப்பீங்க. சுமார் 18 டன். அது சுவாமிமலையில் இதே முறையில் வார்க்கப்பட்டு லாரியில் போனது.

நாச்சியார்கோவில் வேறு மாதிரி. கும்பகோணத்திலிருந்து தென்கிழக்கே பஸ்ஸில் அரை மணி நேரம். விளக்கை முழுசாக வார்ப்பதில்லை. பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் எனத் தனித்தனியாக மண் அச்சில் வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு ஒன்றோடொன்று முடுக்குவார்கள். சின்ன வயதில் லீவுக்குப் போனால் பெரியப்பா என்னை உலைக்குப் பக்கத்தில் விடமாட்டார். "தள்ளி நில்லு தம்பி, புகை ஆகாது" என்பார். எந்தப் புகை என்று கல்லூரிக்கு வந்தபிறகுதான் புரிந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதாவது செம்பு உருகும் சூட்டில் துத்தநாகம் பறந்து போய்விடும். அதனால்தான் முதலில் செம்பை உருக்கிவிட்டுக் கடைசியில் துத்தநாகத்தைப் போட்டுச் சட்டென்று கலக்குகிறார்கள். அப்படியும் கொஞ்சம் வெள்ளைப் புகையாகப் போகும். அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். பெரியப்பாவுக்கு எத்தனையோ ராத்திரி வந்திருக்கிறது. மூசையிலிருந்து எழும் சுடரின் நிறத்தையும் புகையின் கனத்தையும் பார்த்தே "இன்னும் ஒரு கை போடு" என்பார். தெர்மோகப்பிள் கிடையாது. கண்தான்.

இப்போது கிண்டலுக்குத் திரும்புவோம். இவ்வளவு உலோகம் தெரிந்த ஊரைப் பார்த்து வெளியூர்க்காரனுக்கு என்ன தோன்றும்? பயம்தான். பித்தளையும் பொன்னும் கண்ணுக்கு ஒரே மஞ்சள். பொன்னின் அடர்த்தி 19.3, பித்தளை 8.5, தராசும் தண்ணீரும் இருந்தால் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம். ஆனால் கடைத்தெருவில் யார் ஆர்க்கிமிடீஸ் வேலை பார்ப்பது? விற்கிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் இந்தப் பழிச்சொல் முளைத்திருக்கிறது என்பது என் கருத்து. எவனோ ஒருவன் ஏமாற்றியிருப்பான், மறுக்கவில்லை. ஒருவன் ஏமாற்றினால் ஒருவன் கெட்டவன். ஊரே கெட்டது என்று ஆவதற்கு, அந்த ஊருக்கு ஏமாற்றத் தேவையான திறமை இருக்கிறது என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குச் சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. பர்மிங்காம் என்றால் நமக்கு ஜேம்ஸ் வாட், நீராவி இன்ஜின், தொழிற்புரட்சி. ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் கள்ள வெள்ளிக் காசு அடித்தார்கள் என்று பெயர் கெட்டு, 'பிரம்மஜெம்' என்றாலே மட்டமான போலிச் சரக்கு என்று ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. பர்மிங்காம் என்பதன் பேச்சு வடிவம்தான் அந்தச் சொல். அதுவும் பித்தளை ஊர், பொத்தான், கொக்கி, ஆணி செய்கிற ஊர். அச்சு அசலாக எங்கள் கதை.

அந்த ஊரில் மேத்யூ போல்ட்டன் என்று ஒருவர். வாட்டின் கூட்டாளி. 1788-ல் நீராவியால் இயங்கும் நாணயச் சாலை வைத்தார். கையால் அடிக்கிற கள்ளக் காசுக்காரன் போட்டி போட முடியாதபடி ஒரே அளவு, ஒரே வட்டம், தடித்த விளிம்பு. 1797-ல் பிரிட்டிஷ் அரசே தன் செப்புக் காசை அடிக்கும் வேலையை அவரிடம் கொடுத்தது. கள்ளக் காசுக்குப் பேர்போன ஊர், நாட்டின் நல்ல காசை அடித்தது! அதோடு நிற்கவில்லை. கிழக்கிந்திய கம்பெனி சென்னை மாகாணத்துக்கென்று 1803-லும் 1808-லும் செப்புக் காசு அடிக்கக் கொடுத்ததும் போல்ட்டனிடம்தான். 1808 காசுகளை ஏற்றிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கிப்போனது. இன்றும் அந்தக் காசுகளை நாணயம் சேகரிப்பவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆக, சென்னை மாகாணத்துக் கடைத்தெருவில் வெற்றிலைக் கட்டு வாங்க நீட்டிய செப்புக் காசு, 'போலி ஊர்' என்று இங்கிலாந்து கிண்டலடித்த ஊரிலிருந்து வந்தது. பர்மிங்காம்காரன் இன்று ஊர்ப் பெயரைச் சொல்லக் கூசுவதில்லை. நான் மட்டும் 'தஞ்சாவூர் பக்கம்'.

அடுத்து எழுத்து. இதைச் சுருக்கமாகச் சொன்னால் ஊரில் என்னைச் சேர்க்க மாட்டார்கள், இருந்தாலும் முயல்கிறேன். கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854-ல் பள்ளியாகத் தொடங்கியது. 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்ற பட்டப்பெயர் உண்டு. காவிரிக்கரையில், பாலம் தாண்டிப் போகிற கல்லூரி என்பதால் காட்சிக்கும் பொருந்தும். 1880-ல் இங்கே தமிழாசிரியராக வந்தார் உ.வே.சாமிநாதையர். அதே ஆண்டு ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப் ஒருவர், சேலம் இராமசாமி முதலியார். ஐயர் தாம் படித்த நூல்களையெல்லாம் அடுக்குகிறார், முன்சீப் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். அதுவரை ஐயர் அதைப் பார்த்ததே இல்லை. அந்த ஒரு கேள்வியில்தான் ஆரம்பித்தது எல்லாம். 1887-ல் சிந்தாமணி அச்சேறியது; 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. இவையெல்லாம் அவர் கும்பகோணத்தில் வேலை பார்த்துக்கொண்டே பதிப்பித்தவை. கோர்ட்டு இருந்ததால்தான் பித்தலாட்ட ஊர் என்று பெயர் என்கிறார்களே, அந்தக் கோர்ட்டு இல்லாவிட்டால் முன்சீப் ஏது, முன்சீப் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி ஏது?

சிந்தாமணி அச்சான அதே 1887-ல் ஈரோட்டில் ஒரு குழந்தை பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தது. அப்பா ஜவுளிக் கடையில் கணக்கர். வீடு சாரங்கபாணி சன்னதித் தெருவில். ராமானுஜன் டவுன் ஹைஸ்கூலில் படித்தார், 1904-ல் கணக்குக்குப் பரிசு வாங்கினார், உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணக்கைத் தவிர எதையும் படிக்காமல் ஃபெயிலாகி, உதவித்தொகையும் போயிற்று. அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, உடனே நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். நமக்குக் கணக்கிலும் அரியர். ஆனால் அவரைத் திசை மாற்றிய கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல், ஏறத்தாழ 5000 தேற்றங்கள் கொண்டது, அதே கல்லூரி நூலகத்திலிருந்துதான் அவர் கைக்கு வந்தது. கெடுத்ததும் அந்தக் கல்லூரி, கொடுத்ததும் அந்தக் கல்லூரி.

இன்னொரு கிண்டல் உண்டு, தெரியும்தானே? கொசு. 'யானைக்கால் ஊர்.' இதை மறுத்தால் பொய்யாகிவிடும். டெல்டா என்பது சமதரை, சரிவு இல்லை. ஆற்றிலிருந்து தண்ணீரைக் கொண்டுவருவது சுலபம், சாக்கடைத் தண்ணீரை வெளியேற்றுவது கஷ்டம். தேங்கிய அழுக்குத் தண்ணீரில்தான் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு முட்டையிடும். சிவில்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கொள்ளுப்பாட்டி காலத்தில் வீதிக்கு வீதி யாராவது ஒருவர் வீங்கிய காலோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்களாம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆனால் 1930-களில் இந்த ஊரில் மா.கொ.சாம்பசிவன் என்ற டாக்டர் என்ன செய்தார் என்று கேளுங்க. அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஊர் ஜனங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் திரட்டி, வீட்டுக்கு வீடு தேங்கிய தண்ணீரை ஒழிக்க ஓர் இயக்கமே நடத்தினார். 'முடியாது' என்பது பெரும்பாலும் நம் மனதில்தான் இருக்கிறது என்பதை அப்பாவின் அந்த வேலையிலிருந்து கற்றதாக அவருடைய மகன் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார். அந்த மகன் எம்.எஸ்.சுவாமிநாதன். பசுமைப் புரட்சி விஞ்ஞானி, 1925-ல் கும்பகோணத்தில் பிறந்தவர், 2024-ல் பாரத ரத்னா. கொசு ஊர் என்று சிரிக்கும்போது கொசுவை விரட்டியவர்களும் அந்த ஊர்தான் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 2004 ஜூலை 16. ஒரு பள்ளிக்கூடத்தில் கூரைக் கொட்டகையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள். அன்றைக்கு நாங்கள் பலர் பிறக்கவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஜூலையிலும் அம்மா அந்தப் பக்கமாகப் போய்விட்டு வருவாள். ஊரைப் பாதுகாத்துப் பேசுவது என்றால் அதைப் பேசாமல் விடுவது என்று அர்த்தமில்லை. அதற்கு ஊரில் யாரும் சப்பைக்கட்டு கட்டுவதுமில்லை.

சரி, ஏமாற்று விஷயத்துக்கே வருவோம். 1904 அக்டோபரில் இந்த ஊரில் 'கும்பகோணம் பேங்க் லிமிடெட்' என்று ஒரு வங்கி தொடங்கியது. யோசித்துப் பாருங்க. ஏமாற்று வேலைக்கே பேர்போன ஊர் என்கிறீர்கள். அந்தப் பெயரையே பலகையில் எழுதி, உங்கள் பணத்தை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கொடுத்தார்கள். 120 ஆண்டு தாண்டிவிட்டது. இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதுதான். தலைமை அலுவலகம் இன்றும் கும்பகோணத்தில்தான். 1987 வரை பெயரிலும் கும்பகோணம் இருந்தது.

அப்புறம் டிகிரி காபி. 'டிகிரி' எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு மூன்று விளக்கம் உண்டு. சிக்கரி என்பது டிகிரி ஆயிற்று என்பது ஒன்று. முதல் டிகாக்‌ஷன்தான் முதல் டிகிரி என்பது ஒன்று. எனக்குப் பிடித்தது லாக்டோமீட்டர் விளக்கம். தண்ணீர் கலக்காத பசும்பாலில் அந்தக் கண்ணாடிக் குழாய் 28-க்கும் 32-க்கும் நடுவில் மிதக்கும். தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி குறைந்து இன்னும் ஆழமாக அமிழும். அளவு பார்த்து வாங்கிய பாலில் போட்ட காபி, டிகிரி காபி. (ஒரு விஷயம்: கொழுப்பு தண்ணீரைவிட லேசு. அதனால் ஏடை எடுத்துவிட்டால் அளவு ஏறும், அப்புறம் தண்ணீர் ஊற்றினால் பழைய இடத்துக்கே இறங்கும். லாக்டோமீட்டரையும் ஏமாற்றலாம். இதை நான் சொன்னதாக வெளியே சொல்லிவிடாதீர்கள், உடனே 'பாத்தியா கும்பகோணம்' என்பீர்கள்.) கலப்படத்துக்கு வசைச்சொல்லாக இருக்கிற அதே பெயர்தான் கலப்படமில்லாத பாலுக்கு முத்திரை. இரண்டும் எப்படி ஒரே ஊருக்குப் பொருந்தும்?

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போயிருக்கிறீர்களா? செங்கல்பட்டு தாண்டினால் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகள்தான். உள்ளே பித்தளை டவரா மினுங்கும். போன தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கடையில் இறங்கிக் குடித்தேன். "கும்பகோணத்துல எந்தத் தெருண்ணே?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் திண்டிவனம் தம்பி." காபியில் சர்க்கரை தவிர எதுவும் தெரியவில்லை. கும்பகோணம் பெயரால் என்னை ஏமாற்றியவர் திண்டிவனத்துக்காரர், ஏமாந்தது கும்பகோணத்தான்! (திண்டிவனம் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், பதில் கட்டுரை எழுதுங்கள், ஆசிரியர் குழு போடும்.)

விளையாட்டாகச் சொன்னாலும் பெரியப்பாவின் பட்டறையில் இது விளையாட்டு இல்லை. நாச்சியார்கோவில் விளக்குக்கும், சுவாமிமலைச் சிலைக்கும், திருபுவனம் பட்டுக்கும், அண்மையில் கும்பகோணம் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீட்டுக்கு அர்த்தமே, இந்தப் பெயரை வேறு யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது. ஆனால் வெளியூரில் மிஷினில் செய்த லேசான விளக்கு அதே பெயரில் பாதி விலைக்கு வருகிறது. வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பெரியப்பா விலை சொன்னால், சிரித்துக்கொண்டே "என்ன, கும்பகோணம் வேலையா?" என்கிறார்கள். முன்பு ஒன்பது பேர் வேலை செய்த பட்டறையில் இப்போது மூன்று பேர். பெரியப்பா மகன் திருப்பூரில் இருக்கிறான். சுடரைப் பார்த்துத் துத்தநாகம் கணக்குப் போடுகிற கண் அவரோடு போய்விடும்.

நேர்முகத் தேர்வில் நான் சொன்ன பதிலைப் பொங்கல் லீவில் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கடைசல் பிடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தாமலே, "தஞ்சாவூர் ஜில்லாதானே, பொய் இல்லையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வேல கெடச்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல பெரியப்பா."

"பாத்தியா" என்றார், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு விளக்கை எடுத்துக் கொடுத்து எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லிக்கொடுத்தார். உங்களுக்கும் உதவும், எழுதிவைத்துக்கொள்ளுங்க. அக்கா தங்கை கல்யாணத்துக்கு விளக்கு வாங்கப் போனால் முதலில் கையில் தூக்கிப் பாருங்க. உயரத்துக்கேற்ற கனம் இருக்க வேண்டும். தண்டைக் கழற்றச் சொல்லுங்க. மரை நடுங்காமல் சுற்றி வர வேண்டும். தட்டில் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்க. வார்ப்பில் ஊசித் துளை இருந்தால் அடியில் ஈரம் கசியும். கடைசியாகப் பாதத்தைத் திருப்பி உள்பக்கம் பாருங்க. வெளியே பளபளப்பாக இருப்பதை யாரும் செய்துவிடலாம். கையால் வார்த்த விளக்கின் உள்பக்கத்தில் பாலிஷ் படாத சொரசொரப்பு இருக்கும், காவிரி மண்ணின் தடம். நகத்தால் சுரண்டினால் சில சமயம் ஒரு துளி மண்கூட வரும்.